சர்க்கரை நோயாளிக்கு எதற்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல்?

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டிய மருந்துக்கடைகளிலோ திண்டிவனம் கடைத்தெருவிலோ பொழுது சாய்ந்த பிறகு சற்று நேரம் நின்றால் போதும், சர்க்கரை நோயாளிகள் நீட்டும் மருந்துச் சீட்டு எப்படி இருக்கும் என்பது பிடிபட்டுவிடும். மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு, ரத்தக்கொதிப்புக்கு ஒரு மாத்திரை, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கேப்சூல். அட்டையைத் திருப்பினால் லைகோபீன், பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் ஓடும். சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் அரசு மருத்துவமனையிலும், 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டு வாசலிலும் காசில்லாமல் கிடைக்கின்றன. கைக்காசு கரைவது அந்தக் கடைசி வரிக்குத்தான். “இது எதுக்குப்பா?” என்று கேட்கிற அம்மாவுக்கு “சத்து மாத்திரம்மா, விடாம சாப்பிடுங்க” என்று பதில் வரும். கேட்பவர் கொஞ்சம் படித்தவரென்றால் பதிலும் கொஞ்சம் நீளும்: உடம்பில் ஆக்சிஜன் எரியும்போது ஃப்ரீ ராடிக்கல், பெராக்சைடு என்று விஷக் கழிவுகள் உண்டாகின்றன, அவை செல்லை அரித்துத் தின்கின்றன, இந்த கேப்சூல் அவற்றைத் துடைத்து எடுத்துவிடும்.

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி சொல்வதும் இதுதான். நோனிச் சாறு விற்க வீட்டுக்கு வரும் உறவுக்காரர் சொல்வதும், நிறம் கூட்டுவதற்கு குளுட்டதயோன் ஊசி போடும் அழகு நிலையம் சொல்வதும் இதுதான். மருத்துவர்களில் பலரும் இதை நம்பித்தான் எழுதுகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர்கள் நம்புகிற விளக்கம் அடிப்படையிலேயே தவறு. தவறான விளக்கத்துக்காக விவசாயக் கூலிக் குடும்பங்கள் மாதாமாதம் பணம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு உயிர்வேதியியல் படித்தவர்கள் சும்மா இருப்பது நியாயமில்லை.

இந்த விளக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1956-இல் அமெரிக்காவின் டென்ஹாம் ஹார்மன், உடலுக்குள் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள்தான் மூப்புக்குக் காரணம் என்று எழுதினார். 1969-இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதியைக் கண்டறிந்தார்கள். சூப்பராக்சைடு என்ற ராடிக்கலைச் சமாளிக்கவே உடல் ஒரு நொதியை வைத்திருக்கிறது என்றால் அந்த ராடிக்கல் செல்லுக்குள் உண்மையிலேயே உண்டாகிறது என்றாகிறது. ஹார்மன் சொன்னதற்கு அது வலுச் சேர்த்தது. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நொதி சூப்பராக்சைடை எதுவாக மாற்றுகிறது? ஹைட்ரஜன் பெராக்சைடாக. உடல் தன் கைப்பட, ஒரு நொதியை நியமித்து, இந்தப் பெராக்சைடைத் தயாரிக்கிறது. இந்த ஒரு செய்தியை அன்றைக்கே நின்று யோசித்திருந்தால் ‘விஷக் கழிவு’ என்ற பேச்சே எழுந்திருக்காது.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கான சான்று வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. மரக்காணம் உப்பளங்களில் வாரிக் குவிக்கும் உப்பு, சமையலுக்கு வரும்போது அயோடின் சேர்ந்து வருகிறது. அந்த அயோடின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குப் போகிறது. போனதும் தானாக ஹார்மோன் ஆகிவிடுமா? ஆகாது. சுரப்பியின் ஒவ்வொரு செல்லும் தன் மேல் விளிம்பில் டூயாக்ஸ் என்ற நொதியை நிறுத்திவைத்திருக்கிறது. அந்த நொதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாது. அந்தப் பெராக்சைடை எடுத்துக்கொண்டுதான் தைராய்டு பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி அயோடினைப் புரதத்தோடு பிணைக்கிறது. பெராக்சைடு இல்லையென்றால் தைராக்சின் இல்லை. டூயாக்ஸ்-2 மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைவு வருகிறது. கவனிக்காமல் விட்டால் அந்தப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே தடைப்படும். இந்தப் பெராக்சைடைத் துடைத்து எடுப்பது நல்லது என்று எந்த மருத்துவராவது சொல்வாரா?

ரத்த வெள்ளை அணுக்களின் கதையும் இப்படித்தான். கிருமியை விழுங்கும்போது அவை ஏராளமான ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. அது எங்கே போகிறது என்பதற்கு 1961-இல் ‘நேச்சர்’ இதழில் ஐயர், இஸ்லாம், குவாஸ்டல் மூவரும் எழுதிய கட்டுரை பதில் சொன்னது: ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. அந்த ஆக்சிஜனை மாற்றும் நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு சீழ்க்கட்டிகளும் பூஞ்சைத் தொற்றும் மாறிமாறி வரும். நம் நாட்டில் பிறந்தவுடன் போடுகிற பி.சி.ஜி. தடுப்பூசியே இத்தகைய பிள்ளைகளில் சிலருக்கு நோயாகிவிடுவதுண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் டி. ராமசர்மா, உயிர்ச் சவ்வுகளில் பெராக்சைடு உற்பத்தியாவது பற்றி 1982-லேயே விரிவான ஆய்வுரை எழுதியிருக்கிறார். இது நேற்று வந்த செய்தி இல்லை, வெறும் வெளிநாட்டுச் செய்தியும் இல்லை.

கேப்சூல் எழுதப்படுவது சர்க்கரை நோயாளிக்கு என்பதால் இன்சுலினுக்கு வருகிறேன். இன்சுலின் ஒரு தசைச் செல்லின் ஏற்பியில் ஒட்டியதும் அந்த இடத்தில் சிறிதளவு பெராக்சைடு உண்டாகிறது. பி.டி.பி.1பி. என்ற நொதியில் உள்ள ஒரு சிஸ்டைன் கந்தகத்தோடு அது வினைபுரிந்து, அந்த நொதியைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கிறது. இன்சுலின் கொண்டுவந்த செய்தியை அழிப்பதுதான் அந்த நொதியின் வேலை. அது ஓய்ந்திருக்கும் சில நிமிடங்களில் செய்தி உள்ளே போய்ச் சேர்கிறது, சர்க்கரை செல்லுக்குள் நுழைகிறது. இன்சுலினின் வேலைக்கே பெராக்சைடு தேவைப்படுகிறது. 2004-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர், பெராக்சைடை உடைக்கும் குளுட்டதயோன் பெராக்சிடேஸ் நொதியை எலிகளில் அளவுக்கு மீறிச் சுரக்க வைத்தார்கள். எலிகள் கொழுத்தன, இன்சுலினுக்கு அவற்றின் உடல் செவிசாய்க்காமல் போனது. 2009-இல் ஆஸ்திரேலியாவில் அதே நொதியை எலிகளிடமிருந்து நீக்கிவிட்டுக் கொழுப்பு உணவு கொடுத்தார்கள். அவற்றின் உடலில் இன்சுலின் நன்றாகவே வேலை செய்தது. ‘பெராக்சைடு குறையக் குறைய நல்லது’ என்ற கொள்கைப்படி இரண்டு முடிவுகளும் தலைகீழாக வந்திருக்க வேண்டும்.

பெராக்சைடு எவ்வளவு இருந்தாலும் நல்லதுதான் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மனியின் ஹெல்முட் சீஸ் 1970-இல் பிரிட்டன் சான்ஸுடன் சேர்ந்து, உயிருள்ள ஈரலில் பெராக்சைடு இயல்பாகவே உண்டாகிறது என்று காட்டியவர். செல்லுக்குள் 1 முதல் 100 நானோமோலார் வரை இருப்பதுதான் நலமான நிலை என்பது அவருடைய கணக்கு. மருந்துக்கடையில் புண் கழுவக் கொடுக்கும் 6 சதவீத பாட்டிலில் உள்ளது அதைவிடக் குறைந்தது ஒன்றரைக் கோடி மடங்கு அடர்த்தி. கொரோனா நாட்களில் அதை ஆவி பிடிக்கச் சொல்லிப் பரப்பினார்கள். அது நுரையீரலைச் சுட்டுப் பொசுக்கும் வேலை. செல்லுக்குள்ளும் அளவு மீறினால் இரும்போடு சேர்ந்து ஹைட்ராக்சில் ராடிக்கலாகி டி.என்.ஏ.வை வெட்டும். ஆகவே கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை யார் செய்கிறார்கள் என்பதில்தான் கேப்சூல்காரர்களோடு எனக்குத் தகராறு.

மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் எந்த ஆசிரியரும் செய்து காட்டக்கூடிய ஒரு சோதனையே இதற்குப் பதில் சொல்லும். கறிக்கடையிலிருந்து வாங்கிய ஆட்டீரலில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு, கண்ணாடிக் குழாய், மேலே சொன்ன பாட்டிலிலிருந்து பத்துச் சொட்டு. ஈரல் மேல் பட்ட கணமே வெள்ளை நுரை பொங்கிக் குழாயின் வாய்வரை ஏறும். தொட்டால் குழாய் சூடாக இருக்கும். கனன்றுகொண்டிருக்கும் ஊதுவத்தியை நுரைக்குள் நீட்டினால் அதன் முனை பளிச்சென்று சிவக்கும், ஏனென்றால் நுரையில் அடைபட்டிருப்பது ஆக்சிஜன். இதே ஈரலை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து எடுத்து அதே பத்துச் சொட்டை விடுங்கள். ஏதும் நடக்காது. கொதிக்கவைத்தும் ஈரலின் இரும்பு அதில்தான் இருக்கிறது, செலினியமும் இருக்கிறது, வைட்டமின்களிலும் பெரும்பங்கு இருக்கிறது. குலைந்துபோனது ஒன்றே ஒன்று, கேட்டலேஸ் என்ற புரதத்தின் மடிப்பு. அதன் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக்கூடியது.

கேட்டலேஸே இல்லாத மனிதர்களும் உண்டு. 1940-களில் ஜப்பானின் ஒகயாமாவில் ஷிகேயோ தகஹாரா என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு சிறுமியின் வாயிலிருந்த அழுகிய புண்ணைக் கழுவ பெராக்சைடு ஊற்றினார். நுரை எழவில்லை. ரத்தம் கரும்பழுப்பாக மாறியது. அந்தச் சிறுமியின் உடலில் கேட்டலேஸ் இல்லை என்று பின்னர் தெரிந்தது. அப்படிப் பிறந்தவர்களில் பலர் ஈறுப்புண் தவிரப் பெரிய தொல்லையில்லாமல் வாழ்ந்தார்கள். கேட்டலேஸ் இல்லாமலும் செல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. கொரியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த சூ கூ ரீ, 1980-களின் இறுதியில் பெராக்சிரெடாக்சின் என்ற புரதக் குடும்பத்தை வெளிக்கொண்டு வந்தார். நம் சிவப்பணுவில் ஹீமோகுளோபினுக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸுக்கும் அடுத்தபடியாக மிக அதிகம் இருப்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம்தான். செல்லுக்குள் அன்றாடம் உண்டாகும் சிறு அளவுப் பெராக்சைடின் பெரும்பகுதியைப் பிடிப்பது இதுவே.

இனி வேகக் கணக்கு. நியூசிலாந்தின் கிறிஸ்டீன் வின்டர்போர்ன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் அளந்து சொன்னது இது. நொதியின் துணையில்லாமல் குளுட்டதயோன் மட்டும் பெராக்சைடோடு வினைபுரியும் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால் பெராக்சிரெடாக்சினின் வேகம் ஒரு கோடிக்கும் மேல். வைட்டமின் சி-யும் பெராக்சைடோடு மிக மந்தமாகவே வினைபுரிகிறது. வைட்டமின் ஈ கொழுப்புச் சவ்வுக்குள் நின்று வேறு வேலை பார்க்கிறது, பெராக்சைடு அதன் கைக்கு வருவதே இல்லை. விழுங்கிய வைட்டமின் பெராக்சைடை எட்டிப் பார்ப்பதற்குள் செல்லின் சொந்த நொதிகள் வேலையை முடித்திருக்கும். விளம்பரத்தில் வரும் ‘துடைத்து எடுக்கும்’ காட்சி செல்லுக்குள் நடப்பதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். பெராக்சிரெடாக்சின் கண்ணை மூடிக்கொண்டு பெராக்சைடை அழித்துத் தள்ளுவதில்லை. ஓரிடத்தில் பெராக்சைடு திடீரென்று மிகுந்தால் அந்த இடத்துப் பெராக்சிரெடாக்சின் அளவுக்கு மீறி ஆக்சிஜனேற்றம் அடைந்து சிறிது நேரம் முடங்கிவிடுகிறது. நம் ஏரிகளில் மதகைத் தூக்கி வேண்டிய வாய்க்காலுக்கு மட்டும் தண்ணீர் விடுவதைப் போல, அந்த இடத்தில் மட்டும் பெராக்சைடு வழிந்து தன் செய்தியைச் சேர்க்கிறது. வேலை முடிந்ததும் சல்ஃபிரெடாக்சின் என்ற நொதி வந்து முடங்கியதை எழுப்பிவிடுகிறது. இரண்டும் 2003-ஆம் ஆண்டு ஆய்வுகள். இவ்வளவு நுணுக்கமாக, இடம் பார்த்து, நேரம் பார்த்துத் திறந்து மூடுகிற ஓர் ஏற்பாட்டை, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று விழுங்கும் கேப்சூல் எப்படிச் செய்யும்?

இந்த நொதிகள் பெராக்சைடை உடைத்த ஒவ்வொரு முறையும் தாமே ஆக்சிஜனேற்றம் அடைந்து நிற்கின்றன. அவற்றை மீட்க எலக்ட்ரான் வேண்டும். அதைத் தருவது என்.ஏ.டி.பி.எச். என்ற மூலக்கூறு. நாம் தின்ற சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸைத்தான் செல் இதற்காகச் செலவழிக்கிறது. சிவப்பணுவில் உட்கருவும் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. 120 நாள் ஆயுள் முழுக்க அது என்.ஏ.டி.பி.எச்.-க்காக ஒரே வழியை நம்பியிருக்கிறது. அந்த வழியின் முதல் நொதி ஜி6பிடி. மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின் சிலருக்கு மட்டும் ஏன் ரத்த அணுக்களை உடைக்கிறது என்று அமெரிக்காவில் தேடியபோது, இந்த நொதி அவர்களிடம் குறைவு என்று கண்டார்கள். அந்தக் கட்டுரை வெளியானதும் 1956-தான், ஹார்மன் எழுதிய அதே ஆண்டு. பெராக்சைடுக் கட்டுப்பாடு எங்கே நிற்கிறது என்பதை மனித உடலிலேயே காட்டிய கட்டுரை அது. ஹார்மனின் கருத்து ஊர் ஊராகப் பரவியது. இதைப் பாடப்புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டோம்.

ஜி6பிடி குறைபாடு உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறது. தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்களிடம் அதிகம் வெளிப்படும். பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. பிறந்த குழந்தையை, பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பாட்டியின் பழைய சேலையில் சுற்றுகிறோம். அந்த நாப்தலின் ஆவி இத்தகைய குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடக்கூடும். வீட்டில் எல்லோரும் அதைச் சாதாரணக் காமாலை என்று வெயிலில் காட்டிக்கொண்டிருப்பார்கள். நாப்தலின் உடலில் மாறும்போது உண்டாகும் பெராக்சைடைச் சமாளிக்க அந்த அணுக்களிடம் போதிய என்.ஏ.டி.பி.எச். இல்லை, விஷயம் அவ்வளவுதான். இத்தகைய ஒருவருக்கு ஆன்டிஆக்ஸிடன்டுகளின் அரசன் என்று கொண்டாடப்படும் வைட்டமின் சி-யை நரம்பு வழியாகப் பெருமளவில் ஏற்றினால் என்ன ஆகும்? சிவப்பணுக்கள் உடைகின்றன. பெருமளவில் வைட்டமின் சி தானே பெராக்சைடை உண்டாக்கக்கூடியது என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் மார்க் லெவின் குழுவினர் 2005-இல் காட்டினார்கள். புற்றுநோய்க்கு அதை மருந்தாகப் பயன்படுத்திப் பார்க்கும் ஆய்வுகளின் அடிப்படையே இதுதான். பெராக்சைடைத் துடைப்பதாகச் சொல்லி விற்கும் பொருளே பெராக்சைடைக் கொட்டுகிறது.

கொள்கை எப்படியிருந்தாலும் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் பலன் தெரியுமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. கொடுத்தும் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஈ-யையும் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் 18,314 பேரிடம், பெரும்பாலும் புகைப்பவர்களும் புகைத்து விட்டவர்களுமாகிய அவர்களிடம், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்த ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே கூடியது 28 சதவீதம். பிறகு 35,533 ஆண்களிடம் வைட்டமின் ஈ-யும் செலினியமும். 2011-இல் வந்த முடிவின்படி வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். 2012-இல் காக்ரேன் அமைப்பு 78 ஆய்வுகளை, 2,96,707 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் ஆயுளைக் கூட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈ-யும் இறப்பைக் கூட்டுவதாகவே தெரிந்தது. விழுப்புரத்தில் பீடி குடிக்கும் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்! அவர்கள் கையில் பீட்டா கரோட்டின் உள்ள கேப்சூலைக் கொடுக்கும்போது பின்லாந்தின் முடிவு யாருக்காவது நினைவுக்கு வருகிறதா?

செலினியத்தின் கணக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவில் சர்க்கரை நோய் இல்லாத 1,202 பேரில் ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. சராசரி 7.7 ஆண்டுகள் கழித்து, செலினியம் எடுத்தவர்களில் 58 பேருக்கும் மற்றவர்களில் 39 பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. 2007-இல் வெளியான முடிவு இது. கார்னெல் எலிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் கூட்டிய நொதி செலினியத்தை உள்ளே வைத்துத்தான் இயங்குகிறது. மண்ணில் செலினியம் மிகக் குறைந்த சீனப் பகுதிகளில் அதன் பற்றாக்குறையால் இதயநோய் வந்தது உண்மை. அங்கே கொடுத்தது சரி. பற்றாக்குறை இருக்கிறதா என்று பார்க்காமலே இந்தியாவின் 10 கோடிக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு அதைச் சத்து என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

2009-இல் ஜெர்மனியில் சுமார் 40 இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் சி-யும் ஈ-யும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களிடம் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. எடுத்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. பயிற்சியின்போது தசையில் உண்டாகும் பெராக்சைடுதான் ‘உன் நொதிகளைக் கூட்டிக்கொள்’ என்று செல்லுக்குச் சொல்லும் செய்தி என்பது அவர்களின் விளக்கம். பின்னால் வந்த எல்லா ஆய்வும் இதே முடிவைத் தந்துவிடவில்லை. இருந்தாலும் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி வியர்க்க வியர்க்க நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஆன்டிஆக்ஸிடன்ட் விழுங்குகிற ஒருவர் நடையின் பலனையே குறைத்துக்கொள்கிறாரோ என்ற கேள்வி நிற்கிறது. மருத்துவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். நம் கேப்சூல்களில் அளவு குறைவு, அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவு அதிகம் என்பார்கள். அளவு குறைவு, ஆகவே தீங்கில்லை என்றால் அளவு குறைவு, ஆகவே பலனுமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்புக்கு ஆல்ஃபா லிபோயிக் அமிலம் உதவுகிறதே என்பார்கள். நரம்பில் ஏற்றிய சில ஆய்வுகளில் எரிச்சல் குறைந்தது உண்மை. ஆனால் 460 பேர் நான்கு ஆண்டு வாய்வழியாக எடுத்த பெரிய ஆய்வு, தான் முதன்மையாக அளக்க எடுத்துக்கொண்ட அளவுகோலில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. முதுமையில் வரும் ஒரு கண் விழித்திரை நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கலவை பலன் தந்திருக்கிறது, 2001-இல் நிறுவியதுதான். பாராசிட்டமால் அளவு மீறி ஈரல் அழியும் தறுவாயில் உள்ளவருக்கு அசிட்டைல்சிஸ்டைன் உயிர்காக்கும் மருந்து, அதையும் மறுக்கவில்லை. இன்ன உறுப்பு, இன்ன பற்றாக்குறை, இன்ன நேரம் என்று சோதித்துத் தெரிந்துகொண்டு கொடுப்பவை இவை. சீட்டின் கடைசி வரியில் காலமெல்லாம் தொடரும் கேப்சூலுக்கு இவை சாட்சி சொல்ல வரமாட்டா.

அப்படியென்றால் பழமும் கீரையும் நல்லதில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடுங்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வந்த டி.எம்.வி.-2 மல்லாட்டை (நிலக்கடலை) இந்தியா முழுக்க விளைந்தது. ஒரு கைப்பிடி மல்லாட்டையில் உள்ள வைட்டமின் ஈ இரண்டு மூன்று மில்லிகிராம். அதோடு புரதம், நல்ல கொழுப்பு, நார்ச்சத்து. கோடையில் திண்டிவனம் சாலையோரம் குவியும் தர்பூசணியின் சிவப்பே லைகோபீன்தான். சர்க்கரை நோயாளி அளவாக ஒரு கீற்று தின்னலாம். கீரையின் கசப்பும் கடுகின் காரமும் செல்லில் கீப்-1 என்ற புரதத்தைச் சற்றே சீண்டி, சொந்த நொதிகளைக் கூட்டச் சொல்லும் மரபணுக்களை எழுப்பக்கூடியவை. பெராக்சைடு செய்கிற அதே சீண்டல்தான் அது. ஆகவே கேப்சூலுக்குக் கொடுக்கிற காசுக்கு மல்லாட்டை வாங்கச் சொல்லும் மருத்துவரை நான் கும்பிடுவேன்.

விழுப்புரம், திண்டிவனம் மருத்துவர்களிடம் கேட்பது இவைதான். மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது உண்மை. அதை அளந்து பார்த்து, குறைந்திருந்தால் பி12-ஐத் தனி மாத்திரையாக எழுதுங்கள். அதற்காக லைகோபீனையும் செலினியத்தையும் பீட்டா கரோட்டினையும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை. எழுதாவிட்டால் நோயாளி திருப்தியடைவதில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நோயாளியிடம் இரண்டு நிமிடம் பேசினால் வரும் திருப்தி அதைவிடப் பெரியது. நோயாளிகளே, இதைப் படித்துவிட்டு மெட்ஃபார்மினையோ கொதிப்பு மாத்திரையையோ நிறுத்திவிடாதீர்கள். கேப்சூலைப் பற்றி மட்டும் மருத்துவரிடமே நேரடியாகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. சத்து உணவு என்று விற்கும் டப்பாக்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருப்பதையும் படித்துப் பாருங்கள். சட்டப்படி அச்சிட வேண்டிய வரி அது.

இதையெல்லாம்விட எனக்கு அவசரமாகப் படுவது நிறம் கூட்டும் சொட்டு ஊசி. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கும், இப்போது மாப்பிள்ளைக்கும், குளுட்டதயோனையும் பெரும் அளவு வைட்டமின் சி-யையும் நரம்பில் ஏற்றுகிறார்கள். ஈரல், சிறுநீரக, நரம்பு மண்டலப் பாதிப்புகளைச் சுட்டிக்காட்டி பிலிப்பைன்ஸ் அரசின் உணவு மருந்து நிர்வாகம் இந்த குளுட்டதயோன் ஊசியைப் பற்றிப் பத்தாண்டுக்கும் முன்பே எச்சரித்தது. வைட்டமின் சி-யை அந்த அளவுக்கு ஏற்றுவதற்கு முன் ஜி6பிடி பரிசோதனை செய்ய வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிற மாணவருக்கும் அந்த நொதியின் பெயர் தெரியும். சிறிது ரத்தம் எடுத்துச் செய்யும் சோதனைதான் அது. இரு ஊர்களிலும் மாவட்ட நலப்பணிகள் துறையினர் இந்த ஊசி போடும் இடங்களுக்கு ஒருமுறை நேரில் போய், பரிசோதனை முடிவுகளைக் காட்டச் சொல்ல வேண்டும். காட்ட முடியாத இடத்தில் அந்த ஊசியை யார் நரம்பிலும் ஏற்ற விடக்கூடாது.